தீனித்தட்டில் பறவை குறைந்தால், கூடினால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தீனித்தட்டு வைத்து 11 ஆண்டுகள் ஆகின்றன. ஏற்காட்டில் அண்ணன் வீட்டுக் காப்பித் தோட்டத்து ஓரமாக இன்னொரு தட்டு தொங்குகிறது. இவ்விரண்டிலும் நேர்ந்த கோளாறுகளோடு, தெரிந்தவர்கள் அழைத்ததால் அவர்கள் மாடிகளில் போய்ப் பார்த்தவற்றையும் சேர்த்துக்கொண்டால், "முன்னைப்போல் குருவி வருவதில்லை" என்ற குறைதான் முதலிடத்தில் நிற்கிறது. "புறாத் தொல்லை தாங்கவில்லை" என்பது அதற்கு அடுத்தது. ஊரில் குருவி அற்றுப்போயிற்று, புறா பெருகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், தட்டு, தீனி, அக்கம்பக்கம், பருவம் ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே பார்த்துவிட வேண்டும். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எதற்கும் முன்: எண்ணிக்கை உண்மையிலேயே மாறியிருக்கிறதா?

தட்டுக்கு 6 குருவிகள் வந்து, பறந்து போய், மீண்டும் 6 வந்தால் அது 12 ஆகாது. ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த மிகுதியான எண்ணிக்கை எதுவோ அதை மட்டுமே எழுத வேண்டும். நாளுக்கு 15 நிமிடம், அதே நேரம், அதே இடத்தில் உட்கார்ந்து, வாரத்தில் மூன்று நாளாவது எண்ணி, அன்று மழையா வெயிலா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு, இரண்டு வாரத்துக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த தலைப்புக்குப் போக வேண்டும்.

இது வெறும் சடங்கு அன்று. கன்னங்குறிச்சியில் ஓர் அம்மா தம் வீட்டில் குருவிகள் பாதியாகக் குறைந்துவிட்டதாக வருந்தினார். மகன் பள்ளிக்குப் போன காலத்தில் காலை 6.30 மணிக்கே மாடிக்கு வந்து துணி உலர்த்தியவர், மகன் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகு 9 மணிக்கு வரத் தொடங்கியிருந்தார். மாறியது குருவி அன்று, அவர் மாடிப்படி ஏறும் நேரம். ஒரு வாரம் விடியற்காலையில் எண்ணச் சொன்னேன். பழைய கூட்டம் அப்படியே இருந்தது.

1. தட்டு வைத்த நாளிலிருந்தே எதுவும் வரவில்லை

மூன்று, நான்கு வாரம் ஆகவில்லை என்றால் இது கோளாறே அன்று, காத்திருங்கள். அதற்கும் மேல் ஆகிவிட்டது என்றால் கீழுள்ளவற்றைப் பாருங்கள்.

தட்டின் இடம்: நடு மாடியில், எந்தப் பக்கமும் செடியோ கொடியோ இல்லாத வெட்டவெளியில் வைத்த தட்டில் சிறு பறவைகள் இறங்கத் தயங்கும். இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் செம்பருத்தியோ மல்லிகைப் பந்தலோ இருந்தால், அதில் வந்து உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டு இறங்கும். அதே சமயம் புதரை ஒட்டினாற்போலவே தட்டை வைத்தால் பூனை பதுங்க இடம் கிடைத்துவிடும்.

தட்டின் பளபளப்பு: புதிய எவர்சில்வர் தட்டு வெயிலில் மின்னும், காற்றில் ஆடினால் சத்தமும் போடும். மண்தட்டோ பழைய மரப்பலகையோ போதும்.

தீனி: உப்புப் போட்டு வடித்த சோறும், தாளித்த மிச்சமும் சிறு பறவைகளுக்கு உரியவை அல்ல. கம்பு, தினை, சாமை, நொய் இவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு கைப்பிடி வைத்துப் பாருங்கள். சேலத்துக்காரர் என்ற உரிமையில் ஜவ்வரிசியை வைத்த ஒருவரை எனக்குத் தெரியும்; ஓர் இரவு தூறலில் அது பசையாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், தெருவில் மரமே இல்லை என்று பொருள். அப்போது தீனியை நிறுத்திவிட்டு அகலமான மண்சட்டியில் தண்ணீர் மட்டும் வையுங்கள். தானியம் தொடாத பறவைகளும் தண்ணீருக்கு வரும். மாசி முடிந்து வெயில் ஏறிவிட்டால் சேலத்தில் தண்ணீர்ச்சட்டி வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நடுவில் ஒரு கல் கிடக்க வேண்டும், கொசுப்புழு சேராதபடி நாள்தோறும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும்.

2. வந்துகொண்டிருந்த சிட்டுக்குருவிகளைக் காணவில்லை

இதை மூன்று கிளையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குருவி எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

2அ. ஒரே நாளில் நின்றுபோனது

முதலில் வானத்தைப் பாருங்கள். வல்லூறு ஒன்று தெருவில் உள்ள வேப்ப மரத்தையோ தென்னையையோ பிடித்துக்கொண்டால் குருவிகள் சில நாள் தலைகாட்டாது. அணில் விடாமல் கத்துவதும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சலிடுவதும் அதற்கு அடையாளம். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வல்லூறும் பிழைக்க வேண்டிய பறவைதான். நான்கைந்து நாள் தீனி வைக்காமல் இருந்தால் அது வேறு தெரு பார்த்துப் போய்விடும்.

வல்லூறு இல்லை என்றால் பூனை. கைப்பிடிச் சுவரில் இறகோ காலடியோ தெரிகிறதா என்று பாருங்கள். பூனையும் இல்லை என்றால், முந்தின நாள் பட்டாசு வெடித்தார்களா, தெருவில் கொசுப்புகை அடித்தார்களா, வெள்ளையடிப்பதற்காகத் தட்டை நகர்த்தினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு மறுநாள் என்னுடைய குறிப்பேட்டில் குருவியின் எண்ணிக்கை பெரும்பாலும் சுழியாகவே இருக்கும்; மூன்றாம் நாள் திரும்பிவிடும்.

இவற்றில் எதுவும் இல்லாமல், புதிதாக வாங்கிய தானியத்தைப் போட்ட அன்றே நின்றிருந்தால் அந்தத் தானியத்தை உடனே எடுத்துவிடுங்கள். இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. விதைப்பதற்கென்று விற்கும் விதையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். இளஞ்சிவப்பாகவோ வேறு சாயமாகவோ தெரியும். மலிவாகக் கிடைக்கிறது என்று அதைத் தட்டில் போடவே கூடாது. இன்னொன்று, வண்டு மாத்திரை போட்டு மூடிவைத்திருந்த மூட்டையிலிருந்து அள்ளிய தானியம். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கும்போது "சாப்பாட்டுக்கான கம்பு" என்று சொல்லியே கேட்டு வாங்குகிறேன். பறவைக்குத்தானே என்று கடைக்காரர் கழிவை அளந்துவிடும் வழக்கமும் உண்டு. நாம் சமைத்துச் சாப்பிடத் துணியாத தானியத்தைப் பறவைக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

2ஆ. சில வாரங்களில் மெல்லக் குறைந்தது

வயலில் கதிர் முற்றியிருக்கிறதா என்று கேட்டறியுங்கள். ஊர் எல்லையில் சோளமும் கம்பும் நெல்லும் அறுவடைக்கு நிற்கும் நாட்களில் குருவி, சில்லை, கிளி மூன்றுமே தட்டைவிட வயலை விரும்பும். கொண்டலாம்பட்டி, கருப்பூர் போல நகரத்தின் விளிம்பில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நடு நகரத்தில் அவ்வளவாகத் தெரியாது.

அடுத்தது குஞ்சு பொரிக்கும் காலம். பெரிய குருவி தானியம் தின்றாலும் கூட்டிலுள்ள குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையுமே ஊட்டுகிறது. அதனால் ஜோடிகள் கூடு கட்டிக் குஞ்சுக்கு இரை தேடும் வாரங்களில் தட்டில் கூட்டம் கரைந்து, ஒற்றை ஒற்றையாக வந்து போகும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அது பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதன்பின், வாயோரம் மஞ்சள் மாறாத இளங்குருவிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தட்டருகே இரைக்குக் கெஞ்சுவதைப் பார்த்தால், குறைந்தது எதனால் என்பது விளங்கிவிடும்.

மூன்றாவது காரணம் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டில் தங்கிய தானியம் ஓரிரு நாளில் கட்டி கட்டியாகி நெடி அடிக்கும். குருவி அதை ஒதுக்கும். ஒதுக்காமல் தின்றால் இன்னும் கேடு. மழைக்காலத்தில் அரை நாளில் தின்று தீரும் அளவே வைத்து, மாலையில் தட்டைக் கவிழ்த்துவிடுவது நல்லது. தட்டின் அடியில் நாலைந்து துளை போட்டால் நீர் வடியும். மேலே ஒரு பழைய ஓடு சாய்த்துவிட்டால் செலவே இல்லை.

2இ. ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது

இங்கேதான் பலர் செல்பேசிக் கோபுரத்தின் அலைவீச்சே காரணம் என்று கை காட்டுகிறார்கள். அதற்குத் திடமான சான்று இல்லை. 2020ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கால் நூற்றாண்டாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை, பெங்களூரு உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும் சொன்னது. ஆகவே கோபுரத்தை விட்டுவிட்டு உங்கள் தெருவைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இவை. தெருவில் ஓட்டு வீடுகள் எத்தனை இடிக்கப்பட்டுத் தளம் போட்ட வீடுகளாயின? ஓட்டுச் சந்து, மின்பெட்டி, விட்டத்துப் பொந்து ஆகியவைதான் குருவியின் கூட்டிடங்கள். கண்ணாடி முகப்பில் அதற்கு இடமில்லை. மளிகைக் கடை வாசலில் சாக்கைப் பிரித்து அளக்கும் வழக்கம் போய், நெகிழிப் பொட்டலம் வந்துவிட்டதா? வீட்டுத் தரை முழுவதும் சிமெண்ட் பூசிவிட்டீர்களா? மண்ணில் புரண்டு குளிக்கவும், புல்லில் விதையும் புழுவும் பொறுக்கவும் கொஞ்சம் வெற்று மண் வேண்டும். எங்கள் தெருவில் 11 ஆண்டுகளில் 7 ஓட்டு வீடுகள் போயின. ஒவ்வொரு வீடு போனபோதும் என் குறிப்பேட்டில் இரண்டு மூன்று குருவி போயிருக்கிறது.

தீர்வும் அதே வரிசையில். மூன்றடி இடத்தில் சிமெண்டை உடைத்து மண்ணாக விடுங்கள். செடிக்குப் பூச்சி மருந்து அடிப்பதை நிறுத்துங்கள். அடுத்து, கூடுப்பெட்டி. வாசல் துளை 32 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேல் போகக் கூடாது. பெரிதானால் மைனா குடியேறிவிடும். தரையிலிருந்து பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், மின்விசிறிக்கு எட்டாத இடத்தில் மாட்ட வேண்டும். வாசலுக்கு வெளியே உட்காருவதற்கென்று குச்சி வைத்து விற்கிறார்கள். அது குருவிக்குத் தேவையில்லை, காகம் வந்து உட்காரத்தான் உதவும். உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 அன்று இலவசமாகத் தரும் அட்டைப்பெட்டிகள் ஒரு மழைக்குத் தாங்குவதில்லை. தச்சரிடம் சொல்லிப் பழைய பலகையில் செய்துகொள்ளுங்கள்.

பெட்டி வைத்து இரண்டு பருவம் கடந்தும் எதுவும் வரவில்லை, சுற்றிலும் அரைக் கிலோமீட்டருக்குள் குருவிச் சத்தமே இல்லை என்றால், பெட்டியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. குருவி தொலைவு பறந்து புது இடம் பிடிக்கும் பறவை அன்று. பக்கத்திலுள்ள கூட்டம்தான் மெல்ல விரியும்.

3. மாடப்புறா மட்டுமே வருகிறது, மற்றவை விலகிவிட்டன

இதைச் சரிசெய்யத் தாமதித்தால் செலவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தீனியின் அளவுதான் முதல் காரணம். காலையில் வைத்த தானியம் மதியமும் கிடந்தால் அது புறாவுக்கு விருந்து. புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டையே இடும் என்றாலும், தீனி குறையாத இடத்தில் ஆண்டு முழுவதும் அடுத்தடுத்து இட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஜோடிக்கு இரக்கப்பட்டு வைத்த சோளம், இரண்டு ஆண்டில் குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி, மாடிப்படி வளைவு, தண்ணீர்த் தொட்டியின் மூடி என்று எல்லா இடத்திலும் கூடாகிவிடும். ஐந்து ரோடு பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான் பார்த்தது அதுதான். மூன்றாம் தளத்தில் ஒருவர் வைத்த தீனிக்கு ஐந்து தளமும் எச்சம் கழுவிக்கொண்டிருந்தது.

முதல் சோதனை: 10 நாள் தீனியை முழுவதுமாக நிறுத்துங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். புறா குறைகிறதா? குறைந்தால் பெருக்கத்துக்கு உங்கள் தட்டே காரணம்.

குறைந்த பிறகு, சோளம், கோதுமை, அரிசி ஆகிய பெரிய தானியங்களை விட்டுவிட்டுத் தினை, சாமை போன்ற சிறுதானியத்தை, அரை மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் வைக்கத் தொடங்குங்கள். திறந்த தட்டுக்குப் பதிலாக, ஒன்றரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையால் சுற்றி மூடிய தீனிக்கூண்டில் வைத்தால் குருவியும் சில்லையும் நுழையும், புறா நுழைய முடியாது. புள்ளிப்புறாவும் தவிட்டுப்புறாவும் இதனால் வெளியே நின்றுவிடுமே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அவற்றுக்காகத் தோட்டத்து மண்ணில் ஒரு சிட்டிகை தனியாகத் தூவுகிறேன். அவை தரையில் பொறுக்கித் தின்னப் பழகியவை.

10 நாள் நிறுத்தியும் குறையவில்லை என்றால், பக்கத்தில் வேறு யாரோ மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறார்கள். போய்ப் பேசிப் பாருங்கள். புண்ணியத்துக்காக வைப்பவரிடம் நோயைப் பற்றிப் பேசுவதைவிட, "அண்ணா, அளவைக் குறைத்துக்கொண்டால் குருவிக்கும் பங்கு கிடைக்கும்" என்று சொன்னதுதான் எனக்குப் பலித்திருக்கிறது.

செலவு பிடிக்கும் கடைசி வழி வலை. தரைத்தளப் பால்கனிக்கு நீங்களே அடித்துக்கொள்ளலாம். இரண்டாம் தளத்துக்கு மேல் என்றால் கயிற்றில் இறங்கிப் பழகிய வலைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். வலை தொளதொளவென்று இருந்தால் பறவை சிக்கிச் சாகும், ஆகவே இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அடைத்து வலை போடாதீர்கள். குஞ்சு பறக்கும்வரை பொறுத்திருங்கள்.

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது வாரக்கணக்கில் வறட்டு இருமலும், படியேறினால் மூச்சிரைப்பும் இருந்தால் அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம். நுரையீரல் மருத்துவரிடம் போய், அவர் கேட்கக் காத்திராமல் புறா இருக்கும் செய்தியை நீங்களே சொல்லுங்கள். புறா எச்சத்தின் தூசும் இறகின் தூளும் சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும்.

4. காகம் வந்து அனைத்தையும் விரட்டுகிறது, அல்லது காகமே வருவதில்லை

விரட்டுகிறது என்றால் சோற்றையும் தானியத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறீர்கள். சோற்றை மாடியின் மறுகோடியில், மதியம் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். தானியத்தை விடியற்காலையில் வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் காகம் தலையில் கொத்த வந்தால் பக்கத்து மரத்தில் கூடு இருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.

வரவில்லை என்றால் நாட்காட்டியைப் பாருங்கள். ஆடி, மகாளய, தை அமாவாசைகளில் ஊரே இலை போட்டுக் கூப்பிடுகிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று முன்னோர் கோபத்தைக் கற்பனை செய்துகொண்டு கலங்க வேண்டாம், அதன் வயிறு எட்டு மணிக்கே நிறைந்திருக்கும். அமாவாசை அல்லாத நாட்களிலும் ஒரு வாரத்துக்கு மேல் தெருவில் ஒரு காகம்கூட இல்லை என்றால் 8ஆம் பகுதிக்குப் போங்கள்.

5. பழம் வைத்தும் சின்னான், குக்குறுவான், குயில் போன்ற பழந்தின்னிப் பறவைகள் வருவதில்லை

ஏறக்குறைய எப்போதும் பருவம்தான் காரணம். சித்திரை முதல் ஆனி வரை மாந்தோப்புகளில் பழம் தொங்கும்போது, தட்டில் கிடக்கும் வாழைப்பழத் துண்டை யார் சீந்துவார்கள்? தெருவில் ஆலோ அரசோ அத்தியோ பழுத்தாலும் அப்படியே. மாசி, பங்குனியில் முள்முருங்கையும் இலவும் பூத்தால் பழந்தின்னிகள்கூடத் தேன் குடிக்கப் போய்விடும். மரம் ஓய்ந்ததும் திரும்பும்.

மரத்தில் பழம் இல்லாத நாளிலும் வரவில்லை என்றால் பழத்தைப் பாருங்கள். நன்கு கனிந்த பப்பாளி, கொய்யா, தோலோடு நீளவாக்கில் பிளந்த வாழைப்பழம் ஆகியவை சரியானவை. எறும்பு மொய்த்தால் பறவை விலகும். தொங்கவிடும் கம்பியில் விளக்கெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றினால் எறும்பு ஏறாது. எண்ணெய் கம்பியை விட்டு வழிந்து பறவையின் இறகில் படக் கூடாது.

நிலையான தீர்வு வேண்டும் என்றால் ஒரு தேன்பழ மரம் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கும், அதன்பின் தட்டைக் கழற்றிவிடலாம்.

6. திடீரெனப் பச்சைக்கிளிகள் பெருங்கூட்டமாக இறங்குகின்றன

வேறு எங்கோ தீனி நின்றிருக்கிறது, அல்லது வயலில் அறுவடை முடிந்திருக்கிறது. மகிழ்ச்சியான கோளாறு என்பதால் யாரும் குறை சொல்லி வருவதில்லை, மூன்றாம் மாதம் எச்சத்தையும் செலவையும் பார்த்த பிறகுதான் வருவார்கள். அளவை ஒரே நாளில் நிறுத்தாமல், வாரத்துக்குக் கால்பங்காகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கலாமே என்று வீட்டில் யாராவது ஆசைப்பட்டால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லிவிடுங்கள்.

7. ஏற்காட்டில் மட்டும் காணும் கோளாறுகள்

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில். கீழே செல்லுபடியாகும் யோசனை மேலே பல நேரம் செல்லாது.

தானியம் தீண்டப்படாமல் கிடக்கிறது என்றால் அது கோளாறு அன்று. காப்பித் தோட்டத்தின் நிழல் மரங்களில் வாழும் செம்மீசைச் சின்னான், வெண்கன்னக் குக்குறுவான், வெள்ளைக்கண்ணி ஆகியவை பழமும் பூச்சியும் தின்பவை. பழத்துக்கு மாறுங்கள். மார்கழிப் பனியில் தானியம் வைத்தால் ஓரிரு நாளில் பூஞ்சை பூத்துவிடும்.

தேன்சிட்டும் சின்னானும் ஒருசேரக் குறைந்தால் சில்வர் ஓக் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் வீட்டுத் தட்டு அந்த வாரங்களில் காலியாகத்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

எல்லாப் பறவைகளும் ஒரே நாளில் நின்றால் குரங்குதான். குரங்குக் கூட்டம் தட்டைக் கண்டுகொண்டால் கம்பி, பூட்டு, கவண் எதுவும் உதவாது. அண்ணன் மூன்று மாதம் போராடிப் பார்த்தார். கடைசியில் தட்டை உடைத்தெடுத்துக் கூரை மேல் வைத்துவிட்டுப் போனது கூட்டத்தின் தலைவன். பழத்தை முழுவதுமாக நிறுத்தி, தண்ணீரை மட்டும் வைத்து, இரண்டு மாதம் பொறுப்பதே வழி. சிந்திய பழத்துக்குக் காட்டெருமை வேலியோரம் வரத் தொடங்கினால் அதே நாளில் தீனியை நிறுத்திவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். அதை நாமே விரட்டப் போவது உயிருக்கு ஆபத்து.

ஒரு செய்தி: சேர்வராயன் சரிவுகளின் பாறைப் புதர்களில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற அரிய பறவை இருக்கிறது. அது தட்டுக்கு வரவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது வராது. அதற்கு வேண்டியது அந்தப் பாறையும் புதரும்தான்.

8. மந்தமாக உட்கார்ந்திருக்கும் பறவை, இறந்து கிடக்கும் பறவை

தரையில் இருப்பது வால் குட்டையான, வாயோரம் மஞ்சளான இளங்குஞ்சா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் அது நோயாளி அன்று, பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத செடிக்குள் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தாய் வரும்.

பெரிய பறவை இறகை உப்பிக்கொண்டு, ஆள் கிட்டப் போனாலும் நகராமல் இருந்தால் நோய். புறாவின் தொண்டை வீங்கி அலகு ஈரமாக இருந்தாலும், கழுத்து முறுக்கிக்கொண்டு வட்டமடித்தாலும், கண்ணைச் சுற்றியும் காலிலும் பரு பருவாக இருந்தாலும் தட்டின் வழியே மற்றப் பறவைகளுக்குப் பரவக்கூடும். அன்றே தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள். தட்டைச் சோப்பால் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் முழுவதும் காயவிடுங்கள். இரண்டு வாரம் தட்டு வெளியே வரக் கூடாது. நோய் இல்லாத காலத்திலும் வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம்.

ஒரே இடத்தில் சில நாட்களுக்குள் இரண்டு மூன்று காகமோ புறாவோ இறந்து கிடந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வெறுங்கையால் தொடக் கூடாது, நாயை விடக் கூடாது, நீங்களே புதைத்து விஷயத்தை முடித்துவிடவும் கூடாது. அரசு கால்நடை மருத்துவமனைக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ உடனே தெரிவியுங்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சல் முதலில் தெரியவந்தது காகங்கள் கொத்தாக இறந்ததால்தான். பக்கத்திலேயே நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் இருக்கும்போது நம் மாவட்டத்தில் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் தீனித்தட்டையும் கோழிக்கூண்டையும் ஒரே முற்றத்தில் வைக்கவே கூடாது.

காயம்பட்ட பறவை என்றால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ ஒப்படையுங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாயில் போய் இறந்த பறவைகளை நான் பார்த்திருக்கிறேன்; முதலாவதற்கு ஊற்றியது நான்தான்.

9. மேலே சொன்ன எதுவும் இல்லை. ஆனாலும் எண்ணிக்கை மாறிக்கொண்டே போகிறது

இப்போதுதான் ஊரில் உண்மையாகவே பறவைகள் மாறுகின்றனவா என்ற கேள்வியைக் கேட்கலாம். அதற்கு உங்கள் ஒரு தட்டு போதாது. 2023ஆம் ஆண்டு வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைப் பறவைகளைப் பற்றிச் சொல்ல, 30,000க்கும் மேற்பட்டோரின் குறிப்புகள் வேண்டியிருந்தன. மாடப்புறாவும் குயிலும் மயிலும் பெருகிவருவதாக அந்த அறிக்கை சொல்வதை, என் மாடிக் குறிப்பேட்டில் புறாவைப் பற்றிய மட்டில் நானும் கண்டிருக்கிறேன்.

இதை அறிய எளிய வழி, பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழகம் முழுவதும் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்வதுதான். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் எண்ணி, இபேர்ட் செயலியில் பட்டியலாக ஏற்ற வேண்டும். பிப்ரவரியில் வரும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பிலும் இதே முறை. தட்டு காலியாக இருந்த நாளின் பட்டியலையும் தவறாமல் ஏற்றுங்கள். வந்த நாளை மட்டும் எழுதினால் குறைந்ததா கூடியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் இருக்கும் தெருவிலேயே இன்னும் மூன்று வீடுகளில் அதே நேரத்தில் எண்ணச் சொல்லிப் பாருங்கள். நான்கு தட்டிலும் ஒன்றுபோலக் குறைந்தால் காரணம் தெருவில் இருக்கிறது, மரம் வெட்டியதையும் வீடு இடித்ததையும் அங்கே தேட வேண்டும். உங்கள் தட்டில் மட்டும் குறைந்திருந்தால் மீண்டும் "எதற்கும் முன்" என்ற பகுதிக்கே போய், எண்ணிய நேரத்திலிருந்து தொடங்குங்கள். எங்கள் மாடியில் குறிப்பேட்டையும் பென்சிலையும் தட்டுக்குப் பக்கத்துக் கம்பியில் கட்டி, மழை படாமல் இருக்க மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் அந்தச் சட்டிக்குள் குருவி ஒன்று வைக்கோல் கொண்டுவந்து சேர்த்ததால், இப்போது குறிப்பேடு வீட்டுக்குள் இருக்கிறது.